மூச்சு விடாத பை

அந்த ஏரிக்கரையில் வேலை பார்த்த முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் முட்டாள்கள் என்பது டீச்சரின் தீர்ப்பு. மிச்சம் இருந்த அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. கண்ணாடி ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிற நிற்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. சேற்றுநீரைச் சோதித்து மருந்து கலப்பதுதான் அவள் உத்தியோகம். எதிரில் வருகிறவன் 'குட் மார்னிங்' சொன்னால்கூட அதில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்தித்தான் அனுப்புவாள். பம்ப் ஓட்டுகிற அண்ணன் ஒருநாள் வெறுத்துப்போய் அந்தப் பெயரை வைத்தார். ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை.

வேலை என்னவென்றால், ஊர் நடுவே இருந்த ஏரி பாதிக்கு மேல் தூர்ந்து கிடந்தது. மிதவையில் உட்கார்ந்திருந்த ஓர் இயந்திரம் அடிமண்ணை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கரைக்கு அனுப்பும். வந்து சேருவது கஞ்சிப் பதத்தில் ஒரு சேறு. பத்துப் பங்கில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை லாரியில் ஏற்றினால் ஊர் முழுக்கத் தெளித்துக்கொண்டே போகும். அதனால் பை. ஒவ்வொன்றும் முப்பது மீட்டர் நீளம், நெருக்கி நெய்த கறுப்புத் துணி. சேற்றை உள்ளே செலுத்தினால் தண்ணீர் துணியின் கண்கள் வழியே வியர்வை போலக் கசிந்து ஜல்லி வாய்க்காலில் இறங்கி ஏரிக்கே திரும்பிவிடும். மண் உள்ளே தங்கும். பை இறங்கினால் மறுபடி நிரப்புவார்கள், மறுபடி இறங்கும். நாலைந்து சுற்று முடிந்தால் பையைக் கிழித்து மண்வெட்டியால் வெட்டி அள்ளலாம்.

இதில்தான் டீச்சரின் ராஜ்யம். வெறும் சேற்றை அப்படியே விட்டால் நைசான மண் தண்ணீரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அதனால் குழாயில் வரும்போதே மருந்து கலக்க வேண்டும். மருந்து பட்டதும் மண் திரிந்து கட்டிகட்டியாகத் திரளும், தண்ணீர் தனியே தெளியும். குறைந்தால் திரளாது. கூடினால் என்ன ஆகும் என்பது டீச்சருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்பது அவள் எண்ணம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் நடக்கிற வேலைக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருகிற மனிதர். ஓரத்திலேயே நடப்பார், ஷூவைப் பார்த்துக்கொண்டே நடப்பார். பார்வையாளர்கள் வந்தால் பையைத் தட்டிக்காட்டி, "இது ஒரு பெரிய டீ வடிகட்டி மாதிரிங்க" என்பார். டீச்சர் பக்கத்தில் நின்றால் அவள் உதட்டோரம் ஒரு கோணல் விழும். அந்தக் கோணலைப் பார்த்ததும் மேனேஜருக்குப் பேச்சு தடுமாறும். அதில் அவளுக்கு ஓர் அலாதியான சந்தோஷம்.

பம்ப் அண்ணன் வேறு ரகம். பொத்தானை அமுக்குகிற விரலுக்கு மேலே உடம்பில் எதுவும் வேலை செய்வதில்லை என்று டீச்சர் அவரைப் பற்றிச் சொல்வாள். அவர் முகத்துக்கு நேராகத்தான் சொல்வாள்.

ஆனால் இவர்கள் எல்லாம் வெளியாட்கள். வெளியாள் முட்டாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குள்ளேயே ஒன்று வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? அவள் தங்கை பார்த்துப் பார்த்து ஒரு தையல்காரனைக் கட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரையே அளக்கிறவன். கதவைப் பார்த்தால் கதவை அளப்பான், ஜன்னலைப் பார்த்தால் திரைச்சீலைக்கு எத்தனை மீட்டர் ஆகும் என்று வாய்க்குள் கணக்குப் போடுவான். ரெடிமேட் துணிகள் வந்து அவன் கடையைத் தின்றுவிட்டன. கடையை மூடிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு டீச்சரின் இரண்டு அறை வீட்டுக்குத் தங்கையோடு வந்து சேர்ந்தான். முன்னறையில் ஒரு திரை கட்டி, அந்தப்பக்கம் அவர்கள், இந்தப்பக்கம் செருப்பு ஸ்டாண்டும் தையல் மெஷினும். சமையலறைக்குப் போக வேண்டுமானால் டீச்சர் ஒருக்களித்துப் போக வேண்டும்.

"எத்தனை நாளைக்குடி இப்படி?" என்று அவள் தங்கையிடம் கேட்டாள். திரைக்கு அந்தப்பக்கம் கேட்கும் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"நீயே ஒரு வேலை பார்த்துக் குடேன்க்கா. உங்க சைட்ல பை தைக்க ஆள் வேணும்னு நீதானே சொன்ன?"

சொன்னது உண்மைதான். பையில் தையல் விட்டுப்போகும், சேறு புகுகிற வாய்த்துணி கிழியும். ஒட்டுப்போட ஆள் வேண்டும். டீச்சர் சிபாரிசு செய்தாள். தொண்ணூறு நாள் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வாசலைக் காட்டுவார்கள். தங்கை அன்றைக்கே அடுத்த தெருவில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்துப் பேசிவைத்துவிட்டாள். தொண்ணூறாவது நாள் முடிந்தால் அடுத்த ஒண்ணாந்தேதி குடிபோவதாகப் பேச்சு. கடைகளில் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்து திரைக்குப் பின்னால் அடுக்க ஆரம்பித்தாள். டீச்சர் அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கால் சிரிப்பாள்.

"உன் வீட்டுக்காரர் ஒரு இடத்துல மூணு மாசம் தாக்குப்பிடிச்சா நான் என் பேரை மாத்திக்கிறேன்."

"பார்க்கலாம்க்கா" என்பாள் தங்கை. அவள் அதிகம் பேசமாட்டாள்.

இதையெல்லாம் கேட்டும் அந்த மனிதனுக்கு ரோஷம் வரவில்லை என்பதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. திட்டினால் ஒரு மனிதன் பதிலுக்கு முகத்தையாவது சுளிக்க வேண்டாமா? இவன் அவளைப் பார்த்து வாயைப் பிளந்தான். டீக்கடையில், பம்ப் அடியில், எங்கே போனாலும் "எங்க அக்கா", "எங்க அக்கா". எங்க அக்கா ஜாடியைப் பார்த்தே சொல்லிடுவாங்க, எங்க அக்காவுக்குக் கலங்கலை அளக்கிற மீட்டரே தேவையில்லை. ஒருநாள் காலையில் அவளுடைய வேலைக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"பாக்கெட் கிழிஞ்சிருந்துச்சுக்கா. தச்சு வச்சிருக்கேன். நீங்க ஜாடி மூடியைப் போட்டுக்குவீங்கல்ல, அதான் உள்ள ரெட்டைத் துணி குடுத்தேன்."

டீச்சர் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தையல் நேராக, கோடு போட்டதுபோல் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால், "நூல் கலர் வேற" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

எண்பத்து மூன்றாவது நாள் காலையில் மிதவையை இடம் மாற்றினார்கள். அதுவரை சாக்கடை வந்து சேரும் மூலையில் உறிஞ்சிக்கொண்டிருந்தது; இனி எதிர்க்கரைப் பக்கம். மிதவை நகர்ந்தால் முதலில் புதுச் சேற்றை ஆறு ஜாடியில் பிடித்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு மருந்து விட்டுப் பார்த்து, எது நன்றாகத் திரள்கிறதோ அந்த அளவைத்தான் குழாயில் கலக்க வேண்டும் என்பது சட்டம். டீச்சரே எழுதி, சுவரில் டேப் போட்டு ஒட்டிய சட்டம். முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

அன்றைக்கு அவள் சேற்றை ஒரு கையில் அள்ளிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. நேற்றும் கறுப்பாகத்தான் இருந்தது.

"டீச்சர், ஜாடி எடுத்து வைக்கட்டுமா?" என்று பம்ப் அண்ணன் கேட்டார்.

"ஜாடியெல்லாம் கண்ணில்லாதவங்களுக்கு. பழைய அளவே போகட்டும்."

பழைய மூலையில் இருந்தது பிசினாட்டம் ஒட்டுகிற நைஸ் களிமண். அது மருந்தைக் குடம் குடமாகக் குடிக்கும். எதிர்க்கரையில் பாதி மணல். அதற்குப் பாதி மருந்தே தாராளம். முக்கால் மணி நேரம் ஜாடிகளோடு உட்கார்ந்திருந்தால் ஆறாவது ஜாடிக்கு முன்பே இது தெரிந்திருக்கும். ஒன்பதாம் நம்பர் பையில் பழைய அளவு மருந்தோடு புதுச் சேறு இறங்கியது.

முதல் அரைமணி நேரம் தண்ணீர் பிரமாதமாக வந்தது. வாய்க்காலின் முனையில் ஜாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஊற்றுத் தண்ணீர் தோற்றது. மேனேஜர் ஓரமாக நடந்து வந்து, "என்ன டீச்சர், குடிக்கலாம் போலிருக்கே!" என்றார். "நீங்க குடிங்க" என்றாள் அவள்.

பையின் பக்கத்தில் அளவுக்கம்பு நட்டிருக்கும். நிரப்பி நிறுத்தினால் இரண்டு மணி நேரத்தில் ஒரு சாண் இறங்கும். முதல் எட்டுப் பைகளும் அப்படித்தான் இறங்கின. ஒன்பதாவது இறங்கவில்லை. பதினொரு மணிக்கு விரல்கடை அளவு. பன்னிரண்டு மணிக்கும் அதே விரல்கடை. பை புடைத்துக்கொண்டு, கறுப்பாக, மினுமினுவென்று படுத்திருந்தது.

அதைச் சுற்றிச் சுற்றி வந்தது தையல்காரன்தான். பையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. துணியைப் பார்த்தால் அவனால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. தடவினான், கிள்ளினான், விரலை மூக்கில் வைத்து மோந்துகூடப் பார்த்தான். பிறகு சோதனை அறைக்கு ஓடி வந்தான். அறை என்றால் தகரக்கூண்டு. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவரில் அந்தச் சட்டம். டீச்சர் மீட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன்பதாம் பை மூச்சு விடலக்கா."

அவள் நிமிரவில்லை. "பை எப்படி மூச்சு விடும்?"

"இல்லக்கா, துணி ஒரு மாதிரி இருக்கு. மத்த எட்டும் தொட்டா சொரசொரன்னு இருக்கும். இது வழுவழுன்னு இருக்கு. கையில கோந்து மாதிரி ஒட்டுது. கஞ்சி போட்ட துணியில தண்ணி இறங்காதுல்ல, அந்த மாதிரி..."

சொல்லிக்கொண்டே விரல்களை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். பார்த்திருந்தால் போதும். மண்ணோடு சேராத மிச்ச மருந்து துணியில் போய்ப் படிந்து, கூழாகி, கண்களையெல்லாம் அடைத்துவிட்டது என்று அந்த விரல்களில் எழுதியிருந்தது. டீச்சரோ மீட்டரின் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தாள். கஞ்சியாம், துணியாம். முப்பது மீட்டர் பையைப் பற்றி முக்கால் மீட்டர் சட்டைக்காரன் வந்து பாடம் நடத்துகிறான்! விளக்கம் சொன்னால் நாலு கேள்வி கேட்பான், நாலுக்கும் பதில் சொன்னால் எட்டுக் கேட்பான். ஆளை அனுப்பினால் போதும் என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"துணியில ஓட்டை பத்தல. அவ்வளவுதான். போங்க."

அது அபத்தம் என்று அவளுக்கே தெரியும். ஒரே துணியில், ஒரே தறியில் நெய்த பன்னிரண்டு பைகள்; எட்டுக்குப் பத்தின ஓட்டை ஒன்பதாவதுக்கு எப்படிப் பத்தாமல் போகும்? எதிரில் நின்றவனுக்கு இதற்குமேல் நல்ல பதில் எதற்கு என்று நினைத்தாள்.

"ஓ" என்றான் அவன். முகம் தெளிந்துவிட்டது. "ஓட்டை பத்தல. சரிக்கா."

மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டு நிழலுக்குப் போனார்கள். தையல்காரன் மட்டும் தன் கருவிப்பையை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் பையின் அந்தப்பக்கம் போனான். பம்ப் அண்ணன் பார்த்தார். தையல் போடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு வாயில் இருந்ததை மென்றார். தையல்காரன் முதலில் சாக்குக்கட்டியால் பையின் இடுப்பில் ஒரு கோடு போட்டான். வளைவில்லாத நேர்க்கோடு. பிறகு டேப்பை வைத்து விரல்கடைக்கு ஒன்று என்று புள்ளி வைத்தான். பிறகு கோணி ஊசியை எடுத்து ஒவ்வொரு புள்ளியிலும் குத்தினான். நூற்று நாற்பது ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் நூல்போலத் தண்ணீர் பீச்சியது. எச்சில் தொட்டு நூல் கோர்க்கிறவனின் பொறுமையோடு அவன் ஒவ்வொன்றையும் குத்தி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். அளவுக்கம்பில் பை இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. எங்க அக்கா சொன்னா சொன்னதுதான் என்று நினைத்தானாம். பிறகு அவனே சொன்னான்.

ஒழுங்கில்லாதவன் எவனாவது கண்ட இடத்தில் கன்னாபின்னாவென்று குத்தியிருந்தால் அந்தத் துணி ஒருவேளை தாங்கியிருக்கும். இவன் குத்தியது தபால்தலையைக் கிழிக்கப் போட்ட ஓரம்போல இருந்தது.

இரண்டரை மணிக்கு டீச்சர் தூரத்திலிருந்தே கம்பைப் பார்த்தாள். இறங்கியிருந்தது. "பார்த்தீங்களா? அவசரப்படாம இருந்தா தானா இறங்கும். இதுக்குப்போய் ஒருத்தர் மூச்சு விடலன்னு ஓடி வராரு" என்று பம்ப் அண்ணனிடம் சொல்லிவிட்டு அடுத்த சுற்று நிரப்பச் சொன்னாள். கிட்டே போய்ப் பார்க்கவில்லை. அவர் விரல் பொத்தானுக்குப் போனது.

மூன்றேகாலுக்கு ஒரு சத்தம் கேட்டது. துணிக்கடையில் வெட்டு விட்டு இழுத்துக் கிழிப்பார்களே, அந்தச் சத்தம்தான். ஆனால் நாலு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழுப்பு. பையின் இடுப்பு திறந்துகொண்டது. உள்ளே இருந்த சேறு எழுந்து ஒரு கணம் யோசித்ததுபோல் நின்றுவிட்டுப் பிறகு மேனேஜரை நோக்கிக் கிளம்பியது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியோடு பத்தடி போனார். யாருக்கும் அடிபடவில்லை. ஷூக்களில் ஒன்றுதான் கிடைத்தது. சேறு ஜல்லி வாய்க்காலை மூடி, கரையைத் தாண்டி, மூன்று வாரமாக உறிஞ்சித் தெளிந்த தண்ணீரில் போய் இறங்கியது. ஏரியின் அந்தப்பக்கம் முழுக்க டீத்தண்ணீர் நிறமாகிவிட்டது.

பம்ப் அண்ணன்தான் பாய்ந்து நிறுத்தினார். விரல் ஒழுங்காக வேலை செய்தது.

எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது டீச்சர் கிழிசலுக்குப் போனாள். சாக்குக்கட்டிக் கோடு அப்படியே இருந்தது. கோட்டின்மேல் வரிசையாக ஓட்டைகள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எண்பத்து மூன்று நாளாகக் காத்திருந்த சிரிப்பு. அடப்பாவி, ஊசியை வைத்துக் குத்தியிருக்கிறானே! தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையிலிருந்து தொடங்குவது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை ஓடிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கை துணியைத் தொட்டது.

வழுவழுவென்று இருந்தது. விரலைப் பிரித்தால் கோந்து மாதிரி இழை இழுத்தது.

அவள் கையை எடுத்துப் போட்டிருந்த வேலைக் கோட்டில் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளே ரெட்டைத் துணி. ஓட்டை பத்தல என்று தான் சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. உள்ளே எழுந்தது வெட்கமா பயமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் துணிவு இல்லை.

ஐந்து மணிக்கு ஆபீஸ் கூண்டில் விசாரணை. மேனேஜர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்திருந்தார். கிழிந்த துணியில் ஒரு துண்டை வெட்டி மேஜைமேல் போட்டிருந்தார்கள்.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றான் தையல்காரன். கையை வேறு தூக்கினான்.

"ஓட்டை?"

"அதுவும் நான்தான் சார்."

"ஏன்யா?"

"தண்ணி இறங்கல சார். துணியில ஓட்டை பத்தல..." என்றவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் சுவரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நானா செஞ்சது சார். தப்பாப் போச்சு."

கூண்டே சிரித்தது. தண்ணீர் குடத்தில் ஓட்டை போட்டால் சீக்கிரம் நிரம்பும் என்றார் ஒருவர். மண்டையிலும் அந்த ஊசியால் குத்தினால் காற்று வெளியே போகும் என்றார் இன்னொருவர். பம்ப் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாசகங்களெல்லாம் டீச்சருக்கு நன்றாகத் தெரிந்தவை. முக்கால்வாசி அவளுடையவைதான், ஊர் கடன் வாங்கிப் பேசியது.

அவள் எழுந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தாள். இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். ஓட்டை பத்தலன்னு நான்தான் சொன்னேன் என்பது ஒன்று. மருந்தைக் குறைக்காதது நான்தான், ஜாடி வைக்காமல் விட்டது நான்தான் என்பது இரண்டாவது.

"ஓட்டை பத்தலன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவனுக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

மேனேஜருக்கு அந்தப் பாதி போதுமாயிருந்தது. அவர் சிரித்தார். "டீச்சர், குடும்பப் பாசம் புரியுது. ஆனா நீங்க போய் இப்படிச் சொல்வீங்களா? இது ஒரு அடிமுட்டாள் பேசுற பேச்சுங்க. உங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை இருக்கு. உட்காருங்க."

அடிமுட்டாள். அந்தச் சொல் காற்றில் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றது. அடுத்த வாக்கியத்தைச் சொன்னால் அது அவள்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்ற முப்பத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் அவளைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் தெரிந்தது. தங்கை புருஷனுக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாளே, வாய் நீளமென்றாலும் மனசு தங்கம். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அவளை அவர்கள் விரும்பினார்கள்.

அவள் உட்கார்ந்தாள். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லவில்லை. கேவலம் என்பதற்கு இதுவரை அவள் கொடுத்த உதாரணங்கள் எல்லாம் அடுத்தவர்களுடையவை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் தையல்காரனிடம் சொன்னார். அவன் மேஜையிலிருந்த துணித்துண்டைக் காட்டி, "இதை நான் எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டான். அதற்கும் ஒரு சிரிப்பு.

வீட்டுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். இறங்கும்போது அவன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

தங்கை விஷயத்தைக் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து வந்து, கட்டிவைத்த பாத்திரங்களைச் செய்தித்தாளிலிருந்து உரித்து மறுபடி சமையலறை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாத்திரமும் அலமாரியில் உட்காரும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. டீச்சர் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் இருந்தாள். எண்பத்து மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

தையல்காரன் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணித்துண்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஓட்டை பத்தலன்னு சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் கோணி ஊசியை எடுத்துட்டேன். பெரிசாப் போச்சு. எத்தனாம் நம்பர் ஊசி எடுத்திருக்கணும்?"

பாத்திரச் சத்தம் நின்றது.

டீச்சர் அவனைப் பார்த்தாள். கேலி இருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்! இல்லை. அவன் நிஜமாகவே நம்பர் கேட்டான். ஆபீஸில் அவள் பெயரைச் சொல்லாமல் விட்டதும் பெருந்தன்மையால் அல்ல. அக்கா சரியாகச் சொல்லியும் நான் கெடுத்துவிட்டேன், அவர்கள் பெயரை எதற்கு இழுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். தன்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஒரு ஜீவன் உலகத்தில் இருந்தது என்பதும், அதை ஈ விரட்டுவதுபோல் விரட்டினோம் என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தன.

"ஊசியே வேணாம்" என்றாள். "மருந்து கூடிப்போச்சு. மண்ணு மாறினதை நான் பார்க்கல. ஜாடி வைக்கல. மிச்ச மருந்து போய்த் துணிக் கண்ணை அடைச்சிடுச்சு. நீங்க சொன்னீங்களே வழுவழுப்பு, அதுதான் அது. பம்பை நிறுத்தி, துணியைக் கழுவித் தேய்ச்சு விட்டு, மருந்தைப் பாதியாக் கொறைச்சிருந்தா சாயங்காலத்துக்குள்ள இறங்கியிருக்கும்."

அவ்வளவுதான் விளக்கம். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு கேள்வி எட்டுக் கேள்வி என்று அவள் பயந்தவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துணியைக் கட்டைவிரலால் தேய்த்தான், மறுபடி தேய்த்தான். கோந்து திரண்டு உருண்டு வந்தது. அடியில் துணி சொரசொரத்தது.

"கஞ்சி!" என்றான். "நான் கஞ்சின்னுதானே சொன்னேன்?" வேலை போனது, வீடு போனது எல்லாம் மறந்துபோய் அவன் முகம் விரிந்துவிட்டது. "ஏய், கேட்டியா? நான் அப்பவே கண்டுபிடிச்சிருக்கேன்!"

தங்கை சமையலறை வாசலில் நின்றாள். கையில் ஒரு மூடி.

"நீ ஆபீஸ்ல சொன்னியாக்கா இதை?"

"அக்கா எனக்காக எந்திரிச்சுச் சொல்லிப் பார்த்தாங்க. மெதுவா என்னமோ சொன்னாங்க, மேனேஜர்தான் கேக்கல" என்றான் அவன், அவசர அவசரமாக.

"மெதுவா" என்றாள் தங்கை.

அவள் அக்காவைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகக் கோணியது. அந்தக் கோணலை டீச்சர் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பார்வையாளர்கள் எதிரில் மேனேஜருக்குப் பேச்சைத் தடுமாற வைக்கும் கோணல். எதிரில் நிற்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவள் யோசித்ததே இல்லை.

"நாளைக்குப் போய்ச் சொல்றேன். முழுசாச் சொல்றேன்" என்றாள்.

"சொல்லு. வேலை கிடைச்சாலும் இல்லாட்டியும் ஒண்ணாந்தேதி நாங்க போறோம்." தங்கை அலமாரியில் வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

தையல்காரனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைத்தாளை நீட்டுகிறவனைப்போல டீச்சரின் முன்னால் வந்து நின்றான்.

"அப்போ நான் சொன்னது சரிதானாக்கா?"

"சரிதான்" என்றாள் டீச்சர்.

"சத்தமாச் சொல்லு" என்றாள் தங்கை, பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.